கிளுவை வேலியை எடுப்பதற்குள் கொறங்காட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டும். எப்படி?

மயிலைக்கன்று (கேள்வி)

வணக்கம்ங்க. மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு 12 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் தரிசு என்பார்கள். தரிசு இல்லை. மாடு மேய்வதற்கென்றே விட்ட மானாவாரி நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை என்ற முள்மரத்தை நட்டு வளர்த்த உயிர்வேலி. காலையில் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் பொழுது இறங்கப் போய்ப் பிடித்து வரலாம். மேய்க்க ஆள் வேண்டாம்.

பத்திரத்தில் இருக்கும் வருஷம் 1926. வேலி அதற்கும் முந்தியது என்று அப்பாரு (தாத்தா) சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் 5 காங்கேயம் மாடும் இருபது செம்மறியும் அதில்தான் மேய்கின்றன. அப்பாவுக்கு 71 வயது, தினமும் ஒரு சுற்று நடந்துவிடுவார்.

விஷயம் என்னவென்றால், அண்ணன் வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வலை போடப் போகிறார். முதலில் தெற்குப் பக்கம், மாசிக்குள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போன புரட்டாசியில் ஒரே ராத்திரியில் நாய்கள் புகுந்து 4 ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டன. கிளுவையில் சந்து விழுந்தால் புதுப் போத்து (வெட்டிய கிளை) நட்டு அடைக்கத் தெரிந்த ஆள் இப்போது ஊரில் இரண்டு பேர்தான், அவர்களுக்கும் கூலிக்கு வர நேரமில்லை. அதனால் நான் சண்டை போடவில்லை. அந்த வேலிக்குள் எது எது குடியிருக்கிறது என்று ஒரு ஆள்கூட எழுதி வைக்காமல் அது போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விலங்கியல் படித்ததில்லை. ஞாயிறு மட்டும்தான் ஊருக்கு வர முடியும். போன ஞாயிறு ஒரு நோட்டுடன் வேலியோரம் உட்கார்ந்து கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினேன். 31 வரி வந்தது. அதில் "பழுப்புப் பூச்சி - 1" என்றும் அதற்குக் கீழே "பழுப்புப் பூச்சி (வேற) - 1" என்றும் இருக்கிறது. இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரிடமும் காட்ட முடியாது.

கையில் இருப்பது போன், அப்பாவின் டார்ச், ஒரு பழைய கொசுவலை. செலவு அதிகம் செய்ய முடியாது. ஒழுங்காகச் செய்ய என்ன வழி?

பெஞ்சுமேல்சாக்பீஸ்

அம்மணி, நான் தாராபுரத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் 31 வரியைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது பட்டியல். பட்டியலும் வேண்டும். ஆனால் வேலி போன பிறகு என்ன மாறியது என்று கேட்டால் பட்டியல் பதில் சொல்லாது. வேலி இருந்தபோதும் தவிட்டுக்குருவி இருந்தது, போன பிறகும் ஒன்று வந்து உட்காரும், இரண்டு பட்டியலிலும் "தவிட்டுக்குருவி" என்றே இருக்கும். எத்தனை என்பதுதான் பேச்சு. அதையும் ஒரே மாதிரி நடந்து, ஒரே நேரத்தில், ஒரே ஆள் எண்ணியிருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

தெற்கு வேலியில் 200 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்பு அடித்த கல் வையுங்கள். அண்ணன் இப்போதைக்குத் தொடாத வடக்கு வேலியிலும் அதே 200 மீட்டர். இந்த வடக்கு வேலிதான் முக்கியம், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் மழை பொய்த்து எல்லாமே குறைந்தால், தெற்கில் குறைந்தது வேலி போனதாலா வானம் பொய்த்ததாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? வடக்கைப் பார்த்துத்தான்.

வண்ணத்துப்பூச்சிக்கு உலகம் முழுக்க நடைமுறையில் இருப்பது பொல்லார்டு நடை. பிரிட்டனில் 1976 முதல் இப்படித்தான் எண்ணுகிறார்கள். மெதுவாக நடக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், மேலே ஐந்து மீட்டர், இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எழுதுங்கள். பெட்டிக்கு வெளியே எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் அது கணக்கில் இல்லை. மனசு அடித்துக்கொள்ளும். பின்பக்கத் தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை, ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில் வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பத்து மணிக்கு மேல் ஒரு வண்ணத்துப்பூச்சியும் உருப்படியாகப் பறக்காது. காற்றாடி வேகமாகச் சுற்றுகிற நாளில் எண்ணினால் நீங்கள் எண்ணியது காற்றைத்தான். ஐப்பசி மழைக்குப் பின் கிளுவை துளிர்த்துவிடும், அப்போது தொடங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம், வெயிலா மேகமா, காற்று எப்படி, அன்றைக்கு மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்பதை எழுதுங்கள். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.

பழைய பண்ணையில் விடாமல் எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் ஊரில் ராத்தம்ஸ்டெட் என்று ஒரு பண்ணை. 1843-ல் அங்கே கோதுமை வயலில் தொடங்கிய உரச் சோதனை இன்றும் அதே வயலில் நடக்கிறது. 1933-ல் வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் அங்கே ஒரு விளக்குப் பொறி வைத்து, ராத்திரி வந்து விழுகிற அந்துப்பூச்சிகளை எண்ணினார். 1960-ல் மறுபடி அதே மாதிரிப் பொறி, அதே இடம். விழுந்தவை வெகுவாகக் குறைந்திருந்தன. இடையில் சுற்றுப்புறத்தில் விவசாயம் மாறிவிட்டது. முதல் தடவை எண்ணும்போது இது தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நோட்டு இருந்தது, ஒப்பிட முடிந்தது.

பறவைக்கு ஒரு வார்த்தை. காலை ஆறரைக்கு ஒரு இடத்தில் 15 நிமிஷம் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போட்டுவிடுங்கள். தை மாதம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும், நான்கு நாளும் ஊரில்தானே இருப்பீர்கள்?

அந்துவிளக்கு

அக்கா, சார் பகலைச் சொல்லிவிட்டார். ராத்திரிதான் கொறங்காட்டில் கூட்டம்.

டார்ச்சைக் கையில் தொங்கவிட்டுப் பிடிக்காதீர்கள். நெற்றியோரம், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புல் மேல் அடியுங்கள். பனித்துளி மாதிரி பச்சையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னும். பனி என்று நினைத்துக் கிட்டே போனால் புள்ளி நகரும். எல்லாம் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். 200 மீட்டரில் எத்தனை ஜோடி என்று எண்ணுவது சுலபம், ஒன்றையும் பிடிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தூரத்தில் செம்மஞ்சளாக ஒரே கங்கு தரையில் தெரிந்தால் பக்கியாக இருக்கும், தரையில் உட்காரும் ராப்பறவை.

அந்துப்பூச்சிக்கு நாலு முழ வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி முன்னால் ஒரு விளக்கு. அமாவாசையை ஒட்டிய ஞாயிறாகப் பாருங்கள். ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை, அரை மணிக்கு ஒரு தடவை போட்டோ. ஒன்பதுக்கு விளக்கை அணைத்து வேட்டியை உதறிவிட வேண்டும். விடிய விட்டால் கரிச்சானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். முதல் மழைக்கு மறுநாள் மட்டும் போடாதீர்கள். நான் போட்டேன். ஈசல் வந்து வேட்டியே தெரியவில்லை, சட்டைக்குள், காதுக்குள், சாப்பாட்டுத் தூக்குக்குள். அன்றைய என் குறிப்பில் "ஈசல்" என்று ஒரே வார்த்தைதான் இருக்கிறது.

தரையில் ஓடுகிற வண்டுகளுக்குக் குழிப்பொறி. ஒரு பிளாஸ்டிக் தம்ளரை வாய் தரைமட்டத்துக்கு வருகிற மாதிரி புதையுங்கள். ஒரு நூல் உயர்ந்தாலும் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே இரண்டு விரல் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. மேலே மூன்று கூழாங்கல் வைத்து ஓட்டுத்துண்டால் மூடுங்கள். சாயங்காலம் வைத்துக் காலையில் எடுத்துவிட வேண்டும். ஒருமுறை நான் மூடி போடாமல் மறுநாள் மதியம் வரை விட்டுவிட்டேன். விசிறித்தொண்டை ஓணான் ஒன்று உள்ளே விழுந்து செத்துக் கிடந்தது. பூச்சி எண்ணப் போய் ஓணானைக் கொன்றவன் என்று நண்பர்கள் இன்னும் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

பழுப்புப் பூச்சிக்குப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. முதுகு, பக்கவாட்டு, முகம் என்று மூன்று போட்டோ எடுத்து ஐ-நேச்சுரலிஸ்ட்டில் போடுங்கள், உயிரினங்களை அடையாளம் காண மற்றவர்கள் உதவுகிற இணையதளம் அது. நோட்டில் "பழுப்பு அ", "பழுப்பு ஆ" என்று வையுங்கள். பெயர் பிறகு வரும். அ-வும் ஆ-வும் வேறு வேறு என்று கண்டுபிடித்தீர்களே, பாதி வேலை அதுதான்.

ஒத்தக்காளை

நான் மாட்டுக்காரன், பூச்சிக்காரன் இல்லை. கண்ணபுரம் சந்தைக்கு முப்பது வருஷமாகப் போகிறவன். யாரும் சாணியைப் பற்றிப் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது காலையில் போட்ட சாணி மறுநாள் இருக்காது, மண்ணோடு போயிருக்கும். சாணி வண்டு. உருட்டிக்கொண்டு போகிறது ஒரு ஜாதி, சாணிக்கு நேர் கீழே குழி தோண்டி இறக்குகிறது ஒரு ஜாதி, சாணிக்குள்ளேயே குடித்தனம் பண்ணுகிறது ஒரு ஜாதி. நாலைந்து வருஷத்துக்கு முன் எங்கள் காட்டில் சாணி அப்படியே வறட்டியாகக் காய்ந்து கிடக்க ஆரம்பித்தது. அதற்கு அடியில் புல் வெளுத்துப் போனது. மழை இல்லை, அதனால்தான் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கால்நடை ஆராய்ச்சி மாணவர் வந்து என்ன குடற்புழு ஊசி போடுகிறீர்கள் என்று கேட்டார். உண்ணிக்கும் சேர்த்துக் கேட்கும் என்று ஒருவர் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐவர்மெக்டின் எல்லா மாட்டுக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மருந்து சாணியில் வாரக்கணக்கில் வெளியே வரும். வண்டு வந்து முட்டை வைக்கும், புழு தேறாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது மருத்துவரைக் கேட்டு, சாணத்தைப் பரிசோதித்து, தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் மருந்து. அதுவும் முடிந்தவரை ஃபென்பெண்டசோல், அது வண்டுக்கு அவ்வளவு கேடு இல்லை. உங்கள் அப்பாவிடம் எந்த மருந்து, எந்தத் தேதி என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

எண்ணுவதற்கு வழி அந்தப் பையன் காட்டினது. ஒரு நாள் பழைய சாணியை, அடியில் இரண்டு விரல்கடை மண்ணோடு மண்வெட்டியால் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டெல்லாம் மேலே மிதந்து வரும். டீ வடிகட்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் போட்டு எண்ணிவிட்டுத் திரும்ப விட்டுவிடலாம். ஒன்றும் சாகாது. ஆழக் குழி தோண்டினது மட்டும் தப்பிவிடும்.

இன்னொன்று. கம்பி வலையைக் கிளுவை இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும் என்று சட்டமா? ஒரு கஜம் உள்ளே தள்ளிப் போட்டால் வேலியும் இருக்கும், நாயும் வராது. அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.

வேலங்குச்சி

எல்லாம் சரி, ஆனால் எதுக்குங்க வம்பு? உடும்பு இருக்கு, மயில் இருக்கு, பாம்பு இருக்குன்னு போட்டோவோட ஏத்திவிட்டா நாளைக்கு வனத்துறை வந்து நிக்கும். நம்ம காடு நம்ம கையில இருக்காது. பேசாம இருங்க.

பெஞ்சுமேல்சாக்பீஸ்

இந்தப் பயம் எனக்கும் பழக்கம்தான், ஊர் ஊராகக் கேட்டிருக்கிறேன். பட்டா நிலத்தில் மயில் இருக்கிறது என்று எழுதி வைத்ததால் பட்டா போகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடிப்பது, கொல்வது போன்றவற்றைத் தடுக்கிறது, பார்ப்பதையும் எண்ணுவதையும் இல்லை. அதனால் உடும்பைப் பிடித்துக் கையில் வைத்துப் போட்டோ எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். வண்ணத்துப்பூச்சிகளிலும் சில அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன, வலை போட்டுப் பிடித்து ஊசி குத்தி வைக்காதீர்கள், போட்டோ போதும். நட்சத்திர ஆமையோ உடும்போ கண்டால் சரியான இடத்தை வெளியே காட்டாதீர்கள். பயப்பட வேண்டியது திருடிக்கொண்டு போகிறவனுக்கு.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு இருந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் நோட்டில் ஒரு நகல் அதில் போய்ச் சேரட்டும், அம்மணி. அப்பாவுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களையும் அப்படியே எழுதுங்கள். அந்தப் பெயர்களுக்கு வேறு பதிவேடு கிடையாது.

மயிலைக்கன்று

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கம்பெனிக் கணக்கு முடிக்கிற நெருக்கடி. ஆனால் நான்கு ஞாயிறு நடந்துவிட்டேன்.

தெற்கு 200, வடக்கு 200, இரண்டுக்கும் கல் நட்டாகிவிட்டது. பெட்டிக்குள் வந்த வண்ணத்துப்பூச்சிகள் நான்கு நடையிலும் சேர்த்துத் தெற்கில் 63, வடக்கில் 71. பாதிக்கு மேல் வெந்தய வரியன், அதைத்தான் முதலில் அடையாளம் கண்டுபிடித்தேன், அதனால் அதை மட்டும் நன்றாகப் பார்க்கிறேனோ என்று ஒரு சந்தேகம். சார், இப்படி ஆகுமா? முதல் நடையையும் நான்காவதையும் ஒப்பிட்டால் பூச்சி கூடியதா என் கண் பழகியதா என்று தெரியவில்லை. முதல் இரண்டு நடையைப் பயிற்சி என்று தனியே வைக்கலாமா?

மூன்றாவது ஞாயிறு தெற்கு வேலியில், இடுப்பு உயரத்தில், ஒரு கிளுவை முள்ளில் வெட்டுக்கிளி குத்தி நின்றது. தலை இல்லை. கால் ஒன்று இன்னும் பச்சையாக இருந்தது. காற்றில் மாட்டிக்கொண்டதோ என்று பார்த்தால் ஒரு முழம் தள்ளி இன்னொன்று, அதற்கு மேல் ஒரு ஓணான் குட்டி. அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "கீச்சான் குத்தி வெச்சிருக்கும், அப்புறமா வந்து திங்கும்" என்றார். கீச்சான் ஒரு குருவி. எழுபத்தொரு வருஷம் பார்த்தவருக்கு அது செய்தியே இல்லை. கம்பி வலையில் அது எங்கே குத்தும் என்று கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

வெள்வேல மரம் ஒன்றின் பொந்தில் கொசுத்தேனீ. குழல் மாதிரி மெழுகு வாசல், சுண்டு விரல் நுழையாது. சின்ன வயதில் அதே மரத்தில்தான் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் வைத்திருந்தோம். இந்த வருஷம் பொன்வண்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் நான் தொடங்கியதே தாமதம், அதனால் அதற்கு நேரே பூஜ்யம் போடவில்லை, "பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை என்று கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியும்.

சாணி விஷயம். ஒத்தக்காளை அண்ணா, நீங்கள் சொன்னபடி ஆறு சாணியை வாளியில் போட்டுப் பார்த்தேன். முதல் வாளியில் ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை, வைக்கோல் துணுக்குதான் மிதந்தது. அப்புறம் கறுப்பு மிளகு மாதிரி ஒன்று வந்து காலை அடித்தது. பிறகு ஒவ்வொன்றாக. தட்டில் போட்டதும் ஒரு மிளகுக்குத் தலையில் இரண்டு கொம்பு இருந்தது, காங்கேயம் காளையை யாரோ சுருக்கி வைத்த மாதிரி. ஆறு வாளியில் 4, 11, 9, 0, 0, 7. பூஜ்யம் வந்த இரண்டும் ஒரே மாட்டின் சாணி. அந்த மயிலைப் பசுவுக்கு மட்டும் பத்து நாள் முன்பு ஊசி போட்டதாக அப்பா சொன்னார். என்ன ஊசி என்று அவருக்குத் தெரியவில்லை, புட்டியும் இல்லை. இரண்டு சாணியை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது என்பது தெரியும். இனி ஊசி போட வருகிறவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு எழுத, தொண்டுப்பட்டி (மாடு அடைக்கிற இடம்) சுவரில் ஒரு காலண்டரும் பேனாவும் தொங்கவிட்டிருக்கிறேன்.

அந்துவிளக்கு தம்பி, டார்ச்சை நெற்றியில் வைத்துப் பார்த்த அன்று அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். புல் முழுக்க மின்னியதும் "இத்தனையும் கண்ணா?" என்று நின்றுவிட்டார். அடுத்த கேள்வி, "இது ஆட்டைக் கடிக்குமா?" கடிக்காது என்றேன். தெற்கில் 48 ஜோடி எண்ணினேன், 30 தாண்டியதும் அவரும் சேர்ந்து எண்ணினார். இரண்டு பேர் எண்ணியது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அவருடையது 55. எதை எழுதுவது?

ஒரு கஜம் உள்ளே தள்ளுகிற யோசனையைச் சொன்னேன். உடனே நிலக் கணக்கு போட்டார். தெற்கு வேலி மட்டும் என்றால் சுமார் 5 சென்ட், நான்கு பக்கமும் என்றால் 20 சென்ட்டுக்கு மேல் போகும். கல்லுக்காலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மாசிக்குள் நட வேண்டும் என்கிறார். தெற்கில் மட்டும் தள்ளிப் போடலாமா என்று யோசிக்கிறேன் என்றார், ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நடை மார்கழி இரண்டாம் ஞாயிறு. இதற்கிடையில் "பழுப்பு அ" ஒரு அந்துப்பூச்சி என்று ஐ-நேச்சுரலிஸ்ட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். "பழுப்பு ஆ" அதன் பெண்ணாக இருக்கலாமாம். அப்படியானால் என் முதல் பட்டியலை 30 வரி என்று திருத்த வேண்டுமா?